பழைய டீசல் காரில் ஆயில் ஒழுகுகிறதா? வீட்டிலேயே சரிசெய்ய நினைப்பவர்களின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், கோபி என்று கொங்குப் பக்கம் எந்தத் தோட்டத்துச் சாளைக்குப் போனாலும் வாசலில் ஒரு பழைய டீசல் வண்டி நிற்கும். குவாலிஸ், சுமோ, பொலிரோ, இண்டிகா, பழைய ஸ்விஃப்ட் டீசல் என்று ஏதாவது ஒன்று. உரமூட்டையும் ஏற்றும், முகூர்த்த நாளில் ஒறம்பரையையும் ஏற்றும். இவற்றின் எஞ்சின் சுலபத்தில் கைவிடாது. ஆனால் வயதாக ஆக, பாகங்களின் இணைப்பில் வைக்கும் பேக்கிங்கும் சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் ஆயில் சீலும் கட்டையாகிக் கசியத் தொடங்கும். அந்த ஒரே காரணத்துக்காக நல்ல வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று கேட்டால் மனசு கேட்பதில்லை. பல ஒழுகல்களை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம். சிலவற்றில் கை வைக்கக் கூடாது. எது எது என்று பார்ப்போம்.

ஏனுங்க, வண்டி நின்ன எடத்துல சொட்டுச் சொட்டா விழுந்திருக்கு. அது எஞ்சின் ஆயில்தானா?

முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்துவிடுங்கள். முன் சக்கரங்கள் எங்கே நிற்கின்றன என்று அட்டையில் கோடு போட்டு வையுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

டீசல் எஞ்சினில் புகைக்கரி கலப்பதால், ஆயில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். எனவே கன்னங்கரேலென்று வழவழப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். இன்னும் கெட்டியாக, கந்தக நெடி மூக்கில் ஏறினால் கியர் ஆயில். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் தண்ணியாக இருந்தால் கூலன்ட். தொட்டவுடன் டீசல் வாடை அடித்தால் ஒழுகுவது டீசல்தான், ஆயில் பேக்கிங்கைத் தேடிப் பயனில்லை. வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர், விட்டுவிடுங்கள். சக்கரத்தின் உள்பக்கமோ பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு அடியிலோ மெல்லிய எண்ணெய் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியென்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

எவ்வளவு ஒழுகினால் கவலைப்பட வேண்டும்?

எஞ்சின் ஓரத்தில் ஈரம் படிந்து அதில் செம்மண் ஒட்டியிருப்பது கசிவு. பழைய வண்டியில் அது இருக்கும், மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். சொட்டாக விழுந்தால் சரிசெய்ய வேண்டிய ஒழுகல். ஆனால் அளவைவிட இடம் முக்கியம். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டு மேல் விழும் சிறு சொட்டும் ஆபத்துதான். ஏற்றத்தில் மேனிஃபோல்டு கடுமையாகச் சூடேறும்போது ஆயில் புகைந்து தீப்பிடிக்க வழியுண்டு. டைமிங் பெல்ட், கிளட்ச், ஆல்டர்னேட்டர் மூன்றின் மேலும் ஆயில் படக் கூடாது.

சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்து ஒரு நோட்டில் குறித்து வைத்தால், ஒழுகல் கூடுகிறதா, நின்றிருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தால் பேரிங் போய்விடும்.

எங்கிருந்து ஒழுகுதுன்னே தெரியல, அடிப்பக்கம் பூரா ஆயிலா இருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்பேனர் பிடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். இதைத் தாண்டிப் போவதால்தான் மாற்ற வேண்டாத பேக்கிங்கை எல்லாம் மாற்றிக் காசு வீணாகிறது.

ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். எனவே சொட்டு விழும் இடத்தைப் பார்க்காதீர்கள். நனைந்திருப்பதிலேயே உச்சியில், முன்னால் இருப்பது எது என்று தேடுங்கள். சேம்பர் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) ஒழுகுகிறது என்று இறக்கிப் பார்த்தவர்கள் பலருக்கு, உண்மையில் எஞ்சினின் உச்சியில் இருக்கும் டாப் கவரிலிருந்து வழிந்த ஆயில்தான் சேம்பர் ஓரத்தில் சொட்டியிருக்கும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷில் டீசல் தொட்டுத் தேய்த்து அழுக்கை இளக்குங்கள். துணியால் துடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். டீசல் ஈரத்தோடு எஞ்சினைச் சூடாக்க வேண்டாம். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அழுத்தமாக அடிக்கச் சொல்வதும் எனக்குப் பிடிக்காது, ஆல்டர்னேட்டருக்குள்ளும் ஒயர் கனெக்டருக்குள்ளும் தண்ணீர் போய்விடும்.

காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைப் பஞ்சால் ஒற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்து, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொண்டு பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஒரு போல்ட்டின் ஓரத்தில் ஆரம்பித்துக் கீழே ஒரு கருங்கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் தலைதான் ஒழுகலின் இடம். முதல் நாளில் ஒன்றும் தெரியாவிட்டால் இன்னொரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது குனிந்து பார்ப்பதானால் வேட்டியை மடித்துக் கட்டினால் மட்டும் போதாது. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வைத்துவிட்டு, பேன்ட் போட்டுக்கொண்டு வாருங்கள். ஃபேன் பெல்ட் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவியை எடுத்தபிறகும் ஃபேன் சுற்றலாம்.

பேக்கிங் மாத்துன கொஞ்ச நாள்லயே திரும்ப ஒழுகுது. பேக்கிங் டூப்ளிகேட்டா?

இருக்கலாம். ஆனால் அதற்கு முன் பேக் கம்ப்ரஷனை, அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக்குள் ஏறும் அழுத்தத்தைப் பாருங்கள். பழைய டீசல் வண்டியில் இது மிக முக்கியமான கேள்வி.

எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதிக்குள் வரும். புது எஞ்சினிலும் வரும். அது வெளியேறத்தான் டாப் கவரிலிருந்து ஒரு பிரீத்தர் பைப் வைத்திருக்கிறார்கள். அந்தப் பைப்போ, கவருக்குள் இருக்கும் தகட்டு வடிகட்டியோ கரியும் ஆயிலும் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே ஆயிலைப் பிதுக்கித் தள்ளும். நீங்கள் டாப் கவரை அடைத்தால் எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்கின் சீல் வழியாக வரும். அதை மாற்றினால் குச்சி வழியாக வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சுமோ இப்படித்தான் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் புதுப் பேக்கிங், கொஞ்ச நாள் காய்ந்திருக்கும், திரும்பவும் ஈரம். கடைசியில் பிரீத்தர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்தால் காற்றே போகவில்லை. உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குக் கெட்டிக் கரி. ஹோஸை மாற்றி, கவரை டீசலில் ஊறவைத்துக் கழுவிப் போட்டபிறகு, ஏற்கெனவே போட்டிருந்த அதே பேக்கிங் ஒழுகாமல் நின்றது.

வீட்டில் சோதிக்க, எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் பழைய டீசலுக்கு அது சகஜம். குபுகுபுவென்று புகை வந்து மூடி துள்ளி விழுந்தால், பிரீத்தரைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் துள்ளினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. நல்ல மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் பேக்கிங் மேல் பேக்கிங் போடுவது வீண்.

டாப் கவர் பேக்கிங்கை நானே மாற்றலாமா?

தாராளமாக. வீட்டு ரிப்பேர் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வேலை இல்லை. ஒரு செட் பாக்ஸ் ஸ்பேனர், பிளாஸ்டிக் சுரண்டி, நல்ல துணி போதும். காமன் ரயில் எஞ்சின் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை) என்றால் மட்டும் கவனம். அதன் டீசல் பைப்புகளில் ஓடும்போது அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும். அவற்றைக் கழற்றாமல் கவர் வராது என்றால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

எஞ்சின் முழுதாக ஆறட்டும். கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கவரைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிடுங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் கேமுக்கும் பேரிங்குக்கும் கேடு. போல்ட்டுகளை ஓர் அட்டையில் கவர் வடிவத்தில் ஓட்டை போட்டு அதே வரிசையில் செருகி வையுங்கள், நீளம் மாறாது. கவர் ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால் மூலையில் மரச் சுத்தியால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளமே அடுத்த ஒழுகலாகிவிடும்.

பழைய பேக்கிங்கை எடுத்து வளைத்துப் பாருங்கள். ரப்பராக இருக்க வேண்டியது அப்பளம் மாதிரி படக்கென்று ஒடிந்தால், ஒழுகியதற்குக் காரணம் கையிலேயே இருக்கிறது. இரு பக்கத் தளத்தையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, ஆயில் துளிகூட இல்லாமல் துடையுங்கள். எமரித் தாள் வேண்டவே வேண்டாம், அதன் பொடி ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். கவரின் உள்பக்கத்தை டீசலில் கழுவி, பிரீத்தர் வழியைச் சரிபார்த்து, காயவைத்துப் போடுங்கள். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். புதுப் பேக்கிங் போட்டும் ஒழுகுகிற இடம் பெரும்பாலும் அந்தப் பழைய வாஷர்தான். சில எஞ்சின்களில் ஹெட்டின் ஓரத்தில் அரைவட்ட ரப்பர் இருக்கும். அதன் இரு மூலையில் மட்டும் கடுகளவு சிலிகான் வைக்கலாம்.

முறுக்குவதை நடுவில் தொடங்கி, மாற்றி மாற்றி வெளியே வாருங்கள். கவரில் பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போடும் சின்ன போல்ட்டுகள் இருக்கும். இவற்றுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான் வழக்கமான முறுக்கு. சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேனரின் தலைப்பக்கம் பிடித்து விரலால் முறுக்குங்கள், தோள்பலம் காட்ட வேண்டாம். இறுக்கினால் ஒழுகாது என்ற நினைப்புதான் பல கவர்களைக் கோணலாக்கியிருக்கிறது.

அனபாண்ட் (டியூபில் வரும் சிலிகான் பசை) நிறையத் தடவினால் நல்லா அடைக்காதா?

அடைக்கும். எஞ்சினையும் சேர்த்து அடைத்துவிடும். அதிகமாக வைத்த சிலிகான் இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்கியது உங்கள் கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்கியது தெரியாது. அது நாளடைவில் பிய்ந்து ஆயிலில் மிதந்து, சேம்பரில் இருக்கும் பம்பு சல்லடையில் போய் உட்காரும். ஆயில் பம்பு உறிஞ்ச முடியாமல் அழுத்தம் இறங்கிவிடும். ஐம்பது ரூபாய் ஒழுகலை நிறுத்தப் போய் கிராங்க் வேலைக்கு நிற்பது இப்படித்தான்.

பேக்கிங் உள்ள இடத்தில் பேக்கிங்கே போதும். சிலிகான் மட்டும்தான் என்று கம்பெனியே அமைத்த சேம்பர்களில் ஒரே சீராக மெல்லிய கோடு இழுங்கள், போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாகச் சுற்றி வரட்டும். டியூபில் எழுதியிருக்கும் நேரம் வரை உலரவிடுங்கள், பொதுவாக ஒரு முழு நாள். சனிக்கிழமை பொழுதோட போட்டுவிட்டு ஞாயிறு பொழுதோட ஆயில் ஊற்றினால் சரியாக இருக்கும். பழைய மெக்கானிக்குகள் காகிதப் பேக்கிங்குக்கு ஷெல்லாக் (அரக்குப் பசை) தடவுவார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் ரப்பர் பேக்கிங்குக்கு வேண்டாம்.

ஆயில் மாற்றியதிலிருந்து டிரெயின் போல்ட் சொட்டுகிறது.

வாஷரை மாற்றியிருக்க மாட்டார்கள். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும், அடுத்த முறை புதிது வேண்டும். அவசரத்துக்குப் புதிது கிடைக்கவில்லையென்றால் செம்பு வாஷரை இடுக்கியில் பிடித்து கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுங்கள். செம்பு மென்மையாகிவிடும். மேலே படிந்த கருப்பை லேசாகத் தேய்த்துத் துடைத்துப் போட்டால் மறுபடி அடைக்கும். அலுமினிய வாஷரை இப்படிக் காய்ச்சாதீர்கள்.

போல்ட் சுற்றிக்கொண்டே இருந்து இறுகவில்லையென்றால் மரை போய்விட்டது. டெஃப்ளான் டேப்பைச் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். சேம்பரைக் கழற்றிப் பக்கத்து லேத்துப் பட்டறைக்குக் கொண்டு போனால் மரையைப் பெரிதாக வெட்டிப் புது போல்ட் போட்டுத் தருவார்கள், அல்லது உள்ளே சுருள் மரை பதித்துத் தருவார்கள். கோயம்புத்தூர் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இந்த வேலைக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

ஃபில்டர் மாற்றிய உடனே ஆயில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஏன்?

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அதன்மேல் புது ஃபில்டரை முறுக்கியிருப்பார்கள். இரண்டு வளையம் நிற்காது, அழுத்தம் வந்ததும் பிதுங்கிவிடும். கழற்றியதும் தளத்தை விரலால் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் முறுக்கி, தளத்தைத் தொட்டபின் முக்கால் சுற்று போதும்.

சேம்பர் பேக்கிங் வீட்டில் செய்யக்கூடியதா?

அடியில் குறுக்குச் சட்டம் இல்லாத வண்டியில் செய்யலாம். சில வண்டிகளில் எஞ்சினைத் தூக்கினால்தான் சேம்பர் வரும், அதைப் பட்டறைக்கு விடுங்கள். தகரச் சேம்பர் என்றால் போல்ட் ஓட்டையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குழிந்திருக்கும், யாரோ வலுவாக இறுக்கியதன் அடையாளம். சமமான இரும்புக் கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் புதுப் பேக்கிங் போட வேண்டும். கல் அடித்துச் சேம்பரில் பொத்தல் என்றால் எம்-சீல் வீடு வந்து சேர மட்டும் உதவும். வந்ததும் கழற்றி வெல்டிங் வையுங்கள்.

வண்டிக்கு அடியில் படுக்க ஜாக்கி போதுமா? ஹாலோ பிளாக் வைக்கலாமா?

இரண்டும் வேண்டாம். இதில் நான் கறாராகத்தான் சொல்வேன். ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட அடியில் நீட்டாதீர்கள். ஹாலோ பிளாக் எடையைத் தாங்குவது போலத் தெரியும், ஆனால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். செங்கல்லும் அப்படித்தான். நல்ல ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். மண் வாசலில் ஸ்டாண்டு புதையும் என்பதால் அடியில் கெட்டிப் பலகை போடுங்கள். கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்த்து, அசையவில்லையென்றால் மட்டும் உள்ளே போங்கள். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் படுப்பது நல்லது.

பிளாக் பக்கத்தில் ஒரு ஒயர் போகும் சின்ன சுவிட்ச், அதைச் சுற்றி ஈரமாக இருக்கிறது.

ஆயில் பிரஷர் சுவிட்ச். ஒயரைப் பிடுங்கி உள்ளே பாருங்கள், கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் சுவிட்ச் முடிந்துவிட்டது. விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். அளவோடு முறுக்குங்கள், அவ்வளவுதான்.

ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் ஆயில் வருகிறது. அங்கே ஏன் ஆயில்?

பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்க உதவும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் (காற்றில்லா உறிஞ்சல்) டீசல் எஞ்சினில் தானாகக் கிடைக்காது. அதற்கென்று ஒரு வேக்குவம் பம்பு வேண்டும். பல பழைய டீசல் வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே இருக்கும். எஞ்சினிலிருந்து சின்னப் பைப்பில் ஆயில் வந்து, தடித்த ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். முதலில் அந்த ஹோஸின் கிளிப்பையும், ஆயில் வரும் பைப்பில் போல்ட்டின் இரு பக்கமும் இருக்கும் செம்பு வாஷரையும் பாருங்கள். பெரும்பாலும் ஹோஸ் ரப்பர் வெடித்திருக்கும். ஆயில் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டும், தண்ணீர் ஹோஸ் உப்பிப் பிய்ந்துவிடும்.

வேக்குவம் பைப்பை அடையாளம் வைத்துக் கழற்றி, திரும்ப இறுக்கமாகப் போடுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, வாசலைத் தாண்டும் முன் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பெடல் கல்லாக இருந்தால் வண்டியை நகர்த்தாதீர்கள்.

முன்பக்கம், பெல்ட் கவருக்குள்ளிருந்து ஆயில் வருகிறது. கொஞ்ச நாள் தள்ளலாமா?

உங்கள் எஞ்சினில் ரப்பர் டைமிங் பெல்ட் இருந்தால் தள்ளாதீர்கள். இண்டிகா, குவாலிஸ், முதல் இன்னோவா டீசல்களில் பெல்ட்தான். ஸ்விஃப்ட் டீசலில் சங்கிலி. கிராங்க் சீலோ கேம் சீலோ ஒழுகி ஆயில் பெல்ட்டில் ஊறினால் ரப்பர் இளகிப் பல் உரியும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, ஹெட் வேலை வரை போகும். சீலை மாற்றும்போது நனைந்த பெல்ட்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

டைமிங் மார்க் வைத்துப் பழகியவர் கூட இருந்தால் மட்டும் வீட்டில் செய்யுங்கள். அப்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அளந்துகொள்ளுங்கள். கழற்றும்போது ஷாஃப்டில் கீறல் விழக் கூடாது. சீல் உதடு உரசிய இடத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் ஷாஃப்டில் பள்ளம். இடம் இருந்தால் புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், அல்லது மெல்லிய ஸ்லீவ் போட வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் போட்டால் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். சீலின் வெளிவட்டத்துக்குப் பொருந்தும் பிவிசி பைப் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள்.

மலை ஏறி வந்தா மட்டும் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல சொட்டுது. என்னங்க காரணம்?

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, திம்பத்துக்கு 27. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும் குவாலிஸ், சுமோ, பொலிரோ போன்ற வண்டிகளில், ஏறும்போது சேம்பர் ஆயில் முழுக்க பின்னால் ஒதுங்கும். சமதரையில் தாக்குப்பிடித்த கிராங்க்கின் பின்பக்கச் சீல் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் கியர்பாக்ஸின் முன் சீலும் அதே இடத்தில்தான் சொட்டும். மோந்து பாருங்கள், கந்தக நெடி என்றால் கியர்பாக்ஸ். டாப் கவரின் பின்மூலையிலிருந்து வழிந்து வருகிறதா என்பதையும் பவுடர் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின் சீல்தான் என்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். வீட்டு வாசலில் வேண்டாம். சீல் விலை சொற்பம், கூலிதான் அதிகம். எனவே லேசான கசிவு என்றால், கிளட்ச் மாற்ற வேண்டிய நேரம் வரும்வரை பொறுத்திருந்து இரண்டையும் சேர்த்துச் செய்வதே என் யோசனை. கிளட்ச் வழுக்கினாலோ கருகிய வாடை வந்தாலோ பொறுக்கக் கூடாது.

பாட்டிலில் விற்கும் லீக் ஸ்டாப் ஊற்றலாமா? கெட்டி ஆயில்?

அந்த மருந்துகள் பலவும் ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கின்றன. கட்டையான சீலில் சில காலம் பலன் தெரியலாம். கிழிந்த பேக்கிங்குக்கும் தளர்ந்த போல்ட்டுக்கும் ஒன்றும் செய்யாது. கெட்டி ஆயில் விஷயத்தில் எஞ்சினைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பழைய சுமோ, பொலிரோ வகைக்கு 15டபிள்யூ-40 பழக்கமான ஆயில். ஸ்விஃப்ட் டீசல் போன்ற சின்ன டர்போ எஞ்சினுக்கு மெல்லிய ஆயில்தான் சொல்லியிருக்கிறார்கள். அதில் கெட்டியை ஊற்றினால் ஸ்டார்ட் செய்ததும் டர்போவுக்கு ஆயில் போய்ச்சேரத் தாமதமாகும்.

எப்படியும் ஒழுகத்தானே போகிறது என்று குச்சியின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றி வைக்காதீர்கள். மிஞ்சிய ஆயில் பிரீத்தர் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போனால் டீசல் எஞ்சின் அதையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினை மூச்சுத்திணற வைத்து நிறுத்த வேண்டும்.

ஒழுகவும் செய்கிறது, ஆனால் குச்சியில் அளவு ஏறுகிறது. இது எப்படி?

உள்ளே வேறு ஏதோ கலக்கிறது. குச்சியை மோந்தால் டீசல் வாடை வந்தால் ஃபீட் பம்பு டயாஃப்ரமோ டீசல் பம்பு சீலோ போயிருக்கலாம். மூடிக்கு அடியில் பால்காப்பி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர். இரண்டிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

பழைய மாடலுக்குச் சீலும் பேக்கிங்கும் எங்கே கிடைக்கும்?

பழைய சீலைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் முகத்தில் 35-50-8 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். வண்டி மாடல் பெயர் சொல்லிக் கிடைக்காத சீல், எண்ணைச் சொன்னால் ஆயில் சீல் கடையில் கிடைத்துவிடும். கிராங்க் சீலுக்குச் சாதா நைட்ரைல் ரப்பரைவிட வைட்டான் கேளுங்கள். கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும் எஞ்சினுக்குச் சூடு தாங்கும் ரப்பர் வேண்டும்.

காகிதப் பேக்கிங்கை நீங்களே வெட்டிக்கொள்ளலாம். பேக்கிங் ஷீட்டைக் கவரின் தளத்தில் வைத்து ஓரத்தைச் சுத்தியின் உருண்டைப் பக்கத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் வடிவம் பதிந்துவிடும். எஞ்சினில் மாட்டியிருக்கும் பாகத்தின் மேல் வைத்துத் தட்டாதீர்கள், கழற்றிய பாகத்தின் மேல் தட்டுங்கள்.

நம் பகுதிக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, நாமக்கல்லில் லாரி பாடி, சங்ககிரியில் லாரி, கோவையில் பம்பும் வார்ப்படமும் லேத்தும். டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இல்லாத ஊரே இல்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பஸ் ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு காலத்திலிருந்தே, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணில் இருக்கிறது. நீங்கள் வாசலில் மாட்டிக்கொண்டு நின்றால் ஓர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்து, சரியான வழியைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். ஒழுகல் பிரச்சினை ஆகுமா?

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருஷம், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சொட்டுகிற வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கேள்வி வரத்தான் செய்யும். அன்றைக்குக் காலையில் கழுவித் துடைத்துக் கொண்டு போவது ஒரு நாளுக்கு உதவும். அதைவிட, ஒரு மாதம் முன்பே பவுடர் சோதனையைச் செய்து சரிபண்ணிவிடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? கட்டுத்தரை மரத்துக்கு அடிக்கலாமா?

கரையான் வராமல் இருக்கக் கட்டுத்தரைக் கால்களுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் வேஸ்ட் ஆயில் அடிப்பது நம் பக்கம் காலகாலமாக இருக்கிறது. நான் இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். டீசல் எஞ்சினின் கழிவாயிலில் புகைக்கரியும் உலோகத் துகளும் புற்றுநோய் தரக்கூடிய பொருள்களும் கலந்திருக்கும். மாடு அந்தக் கம்பத்தில் உரசும், நக்கும். மழை பெய்தால் மண்ணில் இறங்கும். கிணற்று மேட்டிலோ பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு), கீழ்பவானி வாய்க்கால் ஓரத்திலோ ஊற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். ஆயில் வாங்கி வந்த கேனிலேயே ஊற்றி, மூடி போட்டு, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் எடுத்து வையுங்கள். கேன் நிறைந்ததும் ஊரில் உள்ள பெரிய சர்வீஸ் சென்டரில் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் மொத்தமாக எடுத்துப்போகும் ஏற்பாடு இருக்கும். ஆயில் ஊறிய துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அடுப்புப் பக்கமே கொண்டுபோகாமல் தள்ளி வையுங்கள்.